குழந்தைகள் வார்டுக்கு என்ன தீம் வைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செங்கல்சூளை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். கட்டட வடிவமைப்பு என் தொழில். தென்மாவட்ட ஊர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம் எழுப்புகிறது. தரைத்தளத்தில் ஓ.பி., ஸ்கேன். மேலே இரண்டு மாடிகளில் 40 படுக்கைகள், ஒரு சின்ன ஆபரேஷன் தியேட்டர். நிர்வாகம் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "உள்ளே நுழைஞ்சா ஆஸ்பத்திரி மாதிரியே தெரியக் கூடாது, நல்ல தீமா ஒண்ணு பிடிங்க." கூடவே வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட மாதிரிப் படங்கள். எல்லாவற்றிலும் சுவர் கொள்ளாமல் கார்ட்டூன்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ச்சலில் துவண்டு, ராத்திரி 2 மணிக்கு அப்பா தோளில் வருகிற நாலு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சுவர் என்ன செய்யும்? எது பயத்தைக் குறைக்கிறது, எது போட்டோவுக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பிரித்துத் தெரிய வேண்டும். நர்ஸ், டாக்டர், டெக்னீஷியன், பிள்ளையோடு வார்டில் தங்கிய பெற்றோர், யாராக இருந்தாலும் எழுதுங்கள். அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை. சுவரை நகர்த்த வேண்டுமென்றால் இப்போதுதான் முடியும்.

வார்டு_சிஸ்டர்:

குழந்தைங்க வார்டுலதான் என் சர்வீஸ் பூராவும். தீம் எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, முதல்ல ஊசி போட தனி ரூம் குடுங்க.

பெரும்பாலான வார்டுல என்ன நடக்குது? பெட்லயே வச்சு வென்ஃப்ளான், அதான் நரம்புல மருந்து ஏத்துற ஊசிக் குழாய், போடுவோம். குட்டிக் கையில நரம்பு லேசுல கிடைக்காது. ரெண்டு பேர் பிடிப்போம், ஒருத்தர் டார்ச் அடிப்போம். பக்கத்து பெட் பிள்ளை கண் கொட்டாம இதையே பாத்துட்டு இருக்கும். அதுக்கப்புறம் டிரெஸ்ஸிங் டிராலி சக்கரம் கிறீச்னு கேட்டாலே போதும், வார்டே அழ ஆரம்பிச்சிடும். ஸ்டீல் டிரேல கத்திரிக்கோல் வைக்கிற சத்தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்துப்படி. சுவத்துல மயில் இருக்கா மான் இருக்கான்னு அந்த நேரத்துல எந்தப் பிள்ளையும் பாக்காது.

கட்டில்ல படுத்திருந்தா யாரும் குத்த மாட்டாங்கன்னு பிள்ளைக்கு நம்பிக்கை வரணும். விளையாட்டு ரூமும் அப்படித்தான். அங்க ஊசி, மருந்து, பி.பி. மெஷின் எதுவும் நுழையக் கூடாது. ஊசி ரூமுக்கு நல்லா சாத்துற கதவு வேணும், அழுகைச் சத்தம் வார்டுக்குக் கேக்கக் கூடாது. உள்ள கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒண்ணு. அம்மா அதுல உக்காந்து பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா, முதுகுக்குப் பின்னால நாங்க கைய எடுத்து வேலைய முடிச்சிடுவோம். மல்லாக்கப் போட்டு நாலு பேர் அமுக்கறதை விட இது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு. "சேட்டை பண்ணினா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்"னு வீட்ல சொல்றாங்க, பஸ்ல சொல்றாங்க, ஓ.பி. வரிசைல நின்னுக்கிட்டும் சொல்றாங்க. எங்க முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே பிள்ளை எங்கள தண்டனை குடுக்கறவங்களா நினைச்சுடுது. டோக்கன் குடுக்கற இடத்துல "ஊசியைச் சொல்லி மிரட்டாதீங்க"ன்னு பெருசா ஒரு போர்டு வைங்க.

காந்தப்பெட்டி:

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். தீம் உண்மையிலேயே வேலை செய்த இடம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஜி.இ. நிறுவனத்தில் ஸ்கேன் மெஷின்களை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தான் உருவாக்கிய புது எம்.ஆர்.ஐ. மெஷினைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஒரு சின்னப் பெண் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வருகிறாள். மெஷின் அருமையாக இருக்கிறது என்று பூரித்துப்போய் நின்றவர், அவள் கண்ணால் அந்த அறையைப் பார்த்தார். மங்கலான விளக்கு, எச்சரிக்கை ஸ்டிக்கர்கள், நடுவில் ஓட்டை போட்ட பெரிய பெட்டி. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஒரு வடிவமைப்புப் பயிற்சிக்குப் போனார். குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்தார். குழந்தைகள் அருங்காட்சியகத்து ஆட்களையும், மருத்துவமனையில் பிள்ளைகளைத் தயார் செய்கிற நிபுணர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் அறை கடற்கொள்ளையர் கப்பலானது. இன்னொன்று காட்டு ஆற்றில் மிதக்கும் ஓடம். மெஷினின் உள்ளே ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. ஸ்டிக்கர், தரை, சுவர், வாசனை, அதோடு டெக்னீஷியன் சொல்ல வேண்டிய கதை. மயக்க மருந்து தேவைப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

என்னைக் கேட்டால் இதில் உயிர்நாடி அந்தக் கதைதான். எம்.ஆர்.ஐ.க்குப் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும், சத்தத்தைப் பொறுக்க வேண்டும். அந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். "ஓடம் ஆடினா கவிழ்ந்திடும், ஆடாம இரு, மீன் துள்ளும்" என்று சொன்னால் அசையாமல் இருப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. "அசையாதே, அசையாதே" என்று மைக்கில் அதட்டுவதில் அந்தக் காரணம் கிடையாது. சுவரில் கப்பலை வரைந்துவிட்டு டெக்னீஷியன் பழையபடி அதட்டினால் பெயிண்டுக்குக் கொடுத்த காசு வீண்.

எங்கள் சென்டரில் சுவரில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் பாம்பன் பால ரயில் கதை சொல்கிறேன். கடகட சத்தம் வந்தால் ரயில் பாலத்தில் ஏறிவிட்டது, கீழே கடல், எட்டிப் பார்க்கக் கூடாது. சத்தம் மாறினால் அடுத்த ஸ்டேஷன். வெளியில் வைத்தே அந்தச் சத்தத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டிவிடுவேன். அம்மாவும் உலோகத்தை எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ளலாம்.

கட்டட ஆள் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஸ்கேனுக்கு முன்னால் பிள்ளையின் கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்றும்போது பாட்டிகளின் முகம் மாறும். அதைப் பார்த்ததும் பிள்ளை அழும். அறைக்கு வெளியே பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் பூட்டுப் போட்ட சின்னப் புதையல் பெட்டிகள் வேண்டும். பிள்ளையே உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைப் பாட்டி கையில் கொடுக்க வேண்டும்.

கறார்கணக்கு:

எல்லாம் சரி. நான் ஒரு மருத்துவமனையின் கணக்கைப் பார்க்கிறவன். தீமுக்கு ஒதுக்குகிற பணத்தில் ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னொரு நர்ஸ் போட்டால் பிள்ளைக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன? பெயிண்ட் ரெண்டே வருஷத்தில் உரியும். நர்ஸ் இல்லாத வார்டில் மயில் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? நன்கொடையாளருக்குச் சுவர் கண்ணில் தெரியும், ராத்திரி டியூட்டி நர்ஸ் தெரியாது. அதனால்தான் பணம் சுவருக்கே போகிறது. இது எனக்கு நிஜமான வருத்தம்.

குட்டி_ஸ்டெத்:

குழந்தை மருத்துவர். @கறார்கணக்கு சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். நர்ஸா சுவரா என்று வந்தால் நர்ஸ்தான்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். மயக்க மருந்தும் இலவசம் இல்லை. அதற்கு மயக்க மருத்துவர் வேண்டும், கண்காணிப்பு வேண்டும், விழிக்கும்வரை ஒரு படுக்கை வேண்டும். திட உணவு என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். பசியில் கதறுகிற ஒன்றரை வயசுப் பிள்ளையை வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடக்கிற அம்மாவைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மயக்க மருந்தைத் தவிர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் பிள்ளையை வாரத்தில் சில மணி நேரம் பார்த்தாலே பெரிது. அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் "அமைதியாக" இருக்கிறது என்று நினைத்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952இல் ஒரு இரண்டு வயசுக் குழந்தையின் மருத்துவமனை நாட்களைப் படம் பிடித்துக் காட்டினார். அந்த அமைதி நம்பிக்கை இழந்த அமைதி என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. 1959இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரைத்தது. குழந்தைகள் மருத்துவமனை வடிவமைப்பில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். அதற்கு ஒரு டப்பா பெயிண்ட்கூடச் செலவாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலி பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பெற்றோர் கூடவே இருக்கட்டும், சின்னப் பிள்ளையை மடியில் அணைத்து வைத்துக்கொள்ளட்டும், கைக்குழந்தைக்கு அம்மா பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போடலாம். சிஸ்டர் கேட்ட அந்த நாற்காலியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கத் தோதாக அந்த அறையில் ஒரு திரையும் வேண்டும். இன்னொன்று, தோலை மரக்கச் செய்யும் களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். தடவிக்கொண்டு காத்திருக்க இடம் இல்லாததால்தான் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. விளையாட்டு மூலை ஓ.பி.யை ஒட்டி இருந்தால் அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

தேம்ஸ்கரை:

லண்டனில் இருக்கிறேன். எவலினா குழந்தைகள் மருத்துவமனைக்கு என் பிள்ளையோடு பலமுறை போயிருக்கிறோம். 1869இல் தொடங்கிய பழைய நிறுவனம், இப்போதைய கட்டடம் 2005இல் திறந்தது. ஒவ்வொரு தளமும் இயற்கையின் ஒரு பகுதி. தரைத்தளம் கடல், அதற்கு மேல் ஆர்க்டிக், காடு, மலை என்று ஏறி உச்சியில் வானம். எங்களுக்கு அதில் பிடித்தது அலங்காரம் இல்லை. படிக்கத் தெரியாத பிள்ளையே லிஃப்டில் படத்தைப் பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகும். வழி சொல்கிற வேலை தன்னுடையது என்றானதும் அது இழுத்துக்கொண்டு ஓடியது.

லண்டனிலேயே இன்னொரு குழந்தைகள் மருத்துவமனையான கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற நடையில் 2012இல் ஒரு வேலை செய்தார்கள். சுவர் முழுக்கக் காட்டு மரங்கள், அதற்குள் எல்.இ.டி. பலகைகள். டிராலி நகர நகர மரத்துக்குப் பின்னால் குதிரை, மான், முள்ளம்பன்றி வெளிச்சமாக நகர்ந்து போகும். பலகைகள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் நடந்து போகிற பிள்ளைக்கும் படுத்துப் போகிற பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். பயம் உச்சத்தில் இருக்கிற இடம் அந்த நடைதான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 16 வயது வரை 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டார்கள். 2008இல் முடிவு வந்தது. பெரியவர்கள் ஆசையாக வரைந்து வைக்கும் கோமாளிப் படம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. பெரிய பையன்களே பயமாக இருக்கிறது என்றார்கள். அதனால் எந்தத் தீம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லிவர்பூலில் 2015இல் திறந்த ஆல்டர் ஹே மருத்துவமனைக்குப் பிள்ளைகள் வரைந்த படங்களிலிருந்துதான் கட்டடத்தின் உருவமே பிறந்தது.

செங்கல்சூளை:

எல்லோருக்கும் நன்றி. ஊசி அறை, நாற்காலி, புதையல் பெட்டி மூன்றும் வரைபடத்தில் ஏறிவிட்டன.

எவலினா பற்றிப் படித்ததும் ஒன்று தோன்றியது. நம்மிடம் ஐந்திணை இருக்கிறதே! குறிஞ்சிக்கு மயில், முல்லைக்கு மான், மருதத்துக்கு எருமை, நெய்தலுக்கு சுறா. பென்குவின் வரைவதற்குப் பதில் பிள்ளைக்குத் தெரிந்த கண்மாய், பனை, உப்பளம், ஆட்டுக்குட்டி. என்ன சொல்கிறீர்கள்?

படுத்துப் போகிற பிள்ளை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஃபின்லாந்தில் அல்வர் ஆல்டோ 1933இல் கட்டி முடித்த பைமியோ காசநோய் மருத்துவமனையைப் படிக்கிற காலத்தில் பாடமாகப் படித்தோம். நோயாளி நாள் முழுக்கப் பார்ப்பது கூரையை என்பதால் கூரைக்கு அமைதியான பச்சை அடித்தார், விளக்கு நேராகக் கண்ணில் குத்தாதபடி வைத்தார், தண்ணீர் சத்தம் போடாமல் விழும்படி கைகழுவும் தொட்டியை வடிவமைத்தார். இங்கே வந்த மாதிரிப் படங்களில் ஒன்றில்கூடக் கூரையில் எதுவும் இல்லை, வெறும் டியூப்லைட்.

வார்டு_சிஸ்டர்:

திணை நல்லா இருக்கு தம்பி. ஆனா "முல்லை வார்டு"ன்னு எழுத்துல மட்டும் போட்டா கிராமத்துல இருந்து வர்ற ஆத்தா திரும்ப என்கிட்டதான் வழி கேக்கும். மான் வார்டு, மயில் வார்டுன்னு படத்த வைங்க. தரையில மான் குளம்பு, மயில் கால் தடம் போட்டா பிள்ளைங்க அது மேல மிதிச்சு மிதிச்சு வந்து சேந்திடும். சுறாவுக்குப் பல்லக் காட்டாதீங்க.

காந்தப்பெட்டி:

பென்குவினை ஏன் விரட்டுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் சென்டருக்கு வருகிற பிள்ளைகள் ஆட்டையும் மாட்டையும் தினம் பார்ப்பவர்கள். கேட்டால் ராக்கெட், டைனோசர், பனிக்கரடி என்கிறார்கள். நமக்கு நம் ஊர் மேல் பாசம் இருக்கலாம். வலியில் இருக்கிற பிள்ளைக்கு வேறெங்காவது போய்விட வேண்டும் என்றுகூடத் தோன்றலாம். தளத்துக்குத் திணை வையுங்கள், ஸ்கேன் அறையை மட்டும் பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

நீலக்குடை:

என் மகனுக்கு ஆட்டிசம். இதுவரை எழுதிய யாரும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் "குழந்தைகளுக்குப் பிடித்த இடம்" என்று காட்டும் படங்களில் இருக்கிற அறைக்குள் என் மகன் இரண்டு நிமிடம்கூட நிற்க மாட்டான். நாலு பக்கமும் அடர் நிறம், ஓடிக்கொண்டே இருக்கும் டிவி, டோக்கன் எண்ணை அலறுகிற ஸ்பீக்கர், கழிவறையில் கை உலர்த்தும் மெஷின். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். சுற்றி நிற்பவர்கள் "பிள்ளைய அடக்கத் தெரியல" என்பார்கள்.

ஒரே ஓர் அறை போதும். வெறும் சுவர், மங்கச் செய்யக்கூடிய விளக்கு, ஒரு மூலையில் மெத்தை. காத்திருப்பதை அங்கே காத்திருப்போம், முறை வந்ததும் போனில் கூப்பிடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படவரிசையாக ஒட்டிய ஓர் அட்டை கொடுங்கள்: எடை பார்ப்பது, ஸ்டெத் வைப்பது, ஊசி, வீடு. கடைசிப் படம் வீடு என்று தெரிந்தால் அவன் நடுவில் உள்ளதைத் தாங்கிக்கொள்கிறான்.

மெல்பன்_தமிழ்:

இங்கே ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனைக்கு 2011இல் புதுக் கட்டடம் வந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு மீன்தொட்டி, மிருகக்காட்சி சாலைக்காரர்கள் பராமரிக்கிற மீர்கேட் (கீரி இன விலங்கு) கூட்டம், பஞ்சு மூட்டையில் சாய்ந்து படம் பார்க்கும் அரங்கம் எல்லாம் உண்டு. ஆனால் என் மகள் படுத்திருந்தபோது எங்களைக் காப்பாற்றியது சன்னல். பக்கத்தில் பெரிய பூங்கா. படுத்த வாக்கில் மரம் தெரியும். காற்றடித்தால் இலை அசையும், பறவை வரும். டிவியை நாங்களே நிறுத்திவிடுவோம்.

குட்டி_ஸ்டெத்:

அந்த சன்னலுக்கு ஆதாரமும் இருக்கிறது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதினார். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேர் சன்னலில் மரம், பாதிப் பேர் சன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அவர்கள் பெரியவர்கள்தான், எண்ணிக்கையும் சிறியது. என்றாலும் ஒரு வேப்பமரத்தை வெட்டாமல் கட்டடத்தை இரண்டடி நகர்த்த இந்த ஆதாரம் போதும். சன்னல் திண்டை மட்டும் தாழ்வாக வையுங்கள். நம் ஊரில் எல்லாம் நின்று பார்க்கிற உயரம்.

கறார்கணக்கு:

மரத்துக்கு மாதாமாதம் பில் வராது. மீன்தொட்டி, எல்.இ.டி. சுவர் எல்லாம் வைப்பதாக இருந்தால் பராமரிப்புச் செலவை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாசி பிடித்த தொட்டி, பாதி எரிகிற விளக்கு இரண்டும் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெற்றோருக்கும் மனசு விட்டுப்போகச் செய்யும். சுவர்ப் படம் வரைந்தால் மேலே தினம் துடைக்கக்கூடிய பூச்சு கட்டாயம். தரையில் வரைவதைவிட நிறம் பதித்த வினைல் நீடிக்கும். பிரபலக் கார்ட்டூன் உருவங்களை அனுமதி இல்லாமல் வரைந்தால் உரிமைப் பிரச்சினை வரும். அதையும் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

இரு_பிள்ளை_தாய்:

பெரியவனுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை. இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான்.

எங்கள் வார்டு சுவரில் ஒரு பிரபல கார்ட்டூன் கரடி இருந்தது. முதல் மாதம் அதற்கு டாட்டா காட்டினான். கீமோ ஏற ஏற, அந்தக் கரடிக்கு எதிரே படுத்துத்தான் வாந்தி எடுத்தான். அப்புறம் வீட்டு டிவியில் அது வந்தாலே குமட்ட ஆரம்பித்தது. சானலை மாற்ற ஓடுவோம். நாள்கணக்கில் படுத்திருக்கிற பிள்ளைக்கு எதிரே மாற்ற முடியாத படம் எதையும் வைக்காதீர்கள். ஒரு காந்தப் பலகை வையுங்கள், அவனே படத்தை மாட்டட்டும், வேண்டாமென்றால் கழற்றட்டும். அந்த வார்டில் எதுவுமே அவன் கையில் இல்லை. சாப்பாடு, தூக்கம், ஊசி எல்லாம் மற்றவர்கள் முடிவு. அந்தப் பலகையாவது அவனுடையதாக இருக்கட்டும்.

எதிர்ப்பு சக்தி குறைந்த நாட்களில் பஞ்சு பொம்மை, பூ எல்லாவற்றுக்கும் தடை. கழுவக்கூடிய பொம்மைக்கு மட்டும் அனுமதி. விளையாட்டு ரூமுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பாவது வையுங்கள், உள்ளே விளையாடுகிறவர்களைப் பார்த்துக் கையாட்டலாம்.

எங்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத்தான் படுத்தேன். ராத்திரி நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து சுருட்ட வேண்டும். சன்னலோரம் ஒரு நீளத் திண்ணை கட்டினால் போதும், பகலில் உட்கார, இரவில் படுக்க. அப்பாக்களை ராத்திரி உள்ளே விடாத வார்டுகள் பல. அம்மா இல்லாத பிள்ளையும் உண்டு, அப்பா மடியில்தான் தூங்குவேன் என்கிற பிள்ளையும் உண்டு. தூக்கமில்லாமல், குளிக்க இடமில்லாமல், சாப்பிடாமல் நான் நடுங்கிக்கொண்டிருந்தால் சுவரில் எந்தக் காடு இருந்தும் என் மகன் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

குட்டி_ஸ்டெத்:

@இரு_பிள்ளை_தாய், அந்தக் கரடி விஷயத்தை எங்கள் புற்றுநோய் பிரிவில் இன்றே பேசப் போகிறேன். பெரிய பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், 12 வயசுப் பையனைத் தொட்டிலும் கிலுகிலுப்பையும் வரைந்த சுவருக்கு எதிரே படுக்க வைத்தால் கூனிக் குறுகிப் போகிறான்.

@செங்கல்சூளை, ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2021 செப்டம்பரில் 'முஸ்கான்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனைகளில் குழந்தை சேவைகள் பிள்ளைகளுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கான தர வரையறை. உங்களுடையது அறக்கட்டளை என்றாலும் அதன் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் நிர்வாகத்திடம் பேச வசதியாக இருக்கும். விளையாட்டு இடம் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் செலவு என்பார்கள், அரசே கேட்கிறது என்றால் காது கொடுப்பார்கள்.

செங்கல்சூளை:

நேற்று அறங்காவலர்களிடம் பேசினேன். சுவர்ப்படத்துக்கு ஒதுக்கியதில் பெரும்பங்கு இப்போது ஊசி அறை, சன்னலோரத் திண்ணை, பெற்றோர் குளியலறை, அமைதி அறை என்று போகிறது. வேப்பமரம் தப்பியது. மான், மயில் தடங்கள் தரையில் வரும். ஸ்கேன் அறைக்கு என்ன வேண்டும் என்று பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வரையச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.

ஒரு கேள்வி இன்னும் நிற்கிறது. தியேட்டர் வாசலில் சிவப்புக் கோடு போட்டு, பிள்ளையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதை எப்படி மாற்றுவது?

குட்டி_ஸ்டெத்:

தியேட்டரை ஒட்டி மயக்கம் கொடுக்கத் தனி அறை வையுங்கள். அம்மா அல்லது அப்பா ஒருவர் கவுன் போட்டுக்கொண்டு அதுவரை வரலாம். மடியில் வைத்தே மாஸ்க் கொடுத்து, தூங்கியதும் அவர் வேறு கதவு வழியாக வெளியேறட்டும். உங்கள் மயக்க மருத்துவர் சம்மதிக்க வேண்டும், இப்போதே அவரைக் கூட்டத்துக்கு அழைத்துவிடுங்கள். விழிக்கும்போது பிள்ளை முதலில் பார்ப்பதும் அதே முகமாக இருக்க ரெக்கவரி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலுக்கு இடம் விடுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

ரெண்டு கதவுன்னா ரெண்டும் ஒரே பக்கம் திறக்கிற மாதிரி வச்சிடாதீங்க தம்பி, டிராலி மாட்டிக்கும். பிளானை இங்கயே போடுங்க. டிராலி திரும்ப இடம் இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்.